யூ2வின் ‘சாங்ஸ் ஆஃப் இன்னொசென்ஸ்’: ஐந்தாவது பாட்டிலிருந்து தொடங்குங்கள்

ராக் இசையில் அதிகப் பழக்கமில்லாத ஒருவர் யூ2 குழுவைக் கேட்க விரும்பினால், விவரம் தெரிந்தவர்கள் 1987-இல் வந்த ‘தி ஜோஷுவா ட்ரீ’ ஆல்பத்தைத்தான் முதலில் கையில் கொடுப்பார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டப்ளின் நகரின் வடக்கே வளர்ந்த நான்கு பையன்கள் ஏன் பாட வந்தார்கள், அந்தப் பாடகரின் குரலில் எந்நேரமும் ஒரு கதறல் ஒட்டிக்கொண்டிருப்பது எதனால் என்று தெரிய வேண்டுமென்றால், 2014-இல் வந்த ‘சாங்ஸ் ஆஃப் இன்னொசென்ஸ்’ ஆல்பத்துக்குத்தான் வர வேண்டும். பாடகர் போனோ, கிதார் கலைஞர் எட்ஜ், பேஸ் கிதார் வாசிக்கும் ஆடம் கிளேட்டன், டிரம்ஸ் வாசிக்கும் லாரி மல்லன் ஆகிய நால்வரும் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, தங்கள் பதின்வயது நாட்களைத் தோண்டி எடுத்துப் பாடிய ஆல்பம் இது.

நம் ஊரில் பலருக்கு இவர்கள் 2019-இல் ஏ.ஆர்.ரஹ்மானோடு சேர்ந்து ‘அஹிம்சா’ என்ற பாடலை வெளியிட்டவர்களாக அறிமுகமாகியிருக்கலாம். அதே ஆண்டு டிசம்பரில் நவி மும்பையில் கச்சேரியும் செய்தார்கள். அந்த அறிமுகம் போதும். ராக் வரலாறு எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. வேண்டியது ஒரு நல்ல ஹெட்போன், வேறு வேலை இல்லாத சில மாலைகள்.

எந்தப் பதிப்பு?

இசைச் செயலிகள் எல்லாவற்றிலும் ஆல்பம் கிடைக்கிறது. பெரும்பாலும் இரண்டு பதிப்புகள் கண்ணில் படும். 11 பாடல்கள் மட்டும் கொண்ட சாதாரணப் பதிப்பு ஒன்று. கூடுதல் பாடல்களும் அகௌஸ்டிக் வடிவங்களும் (மின்கிதாரின் முழக்கம் இல்லாமல் எளிமையாக வாசித்தவை) சேர்ந்த டீலக்ஸ் பதிப்பு இன்னொன்று. டீலக்ஸ் பதிப்பையே சேமித்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஷஃபிள் பொத்தானை அணைத்துவிடுங்கள். இந்த ஆல்பத்தில் பாடல்களை வரிசை மாற்றிக் கேட்கத்தான் போகிறோம், ஆனால் அந்த மாற்றத்தைச் செயலியின் கையில் விடக்கூடாது.

பாடல் வரிகளைத் திரையில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது. போனோவின் டப்ளின் உச்சரிப்பு முதல் தடவையிலேயே பிடிபடாது. சில இடங்களில் அவர் முனகுகிறார், சில இடங்களில் உச்சஸ்தாயிக்குத் தாவும்போது சொற்கள் கரைந்துவிடுகின்றன.

இலவசக் கதையை ஒதுக்கிவையுங்கள்

இந்த ஆல்பத்தைப் பற்றித் தேடினால் முதலில் வந்து விழுவது இசை அல்ல, சர்ச்சை. அதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். 2014 செப்டம்பர் 9 அன்று, கலிஃபோர்னியாவில் ஆப்பிள் நிறுவனம் புதிய ஐபோனை அறிமுகம் செய்த மேடையில் யூ2 வாசித்தது. வாசித்து முடித்த கையோடு, ஆப்பிளின் இணைய இசைக்கடையான ஐட்யூன்ஸில் கணக்கு வைத்திருந்த சுமார் 50 கோடிப் பேருக்கும் ஆல்பம் இலவசம் என்று அறிவித்தார்கள். யாரும் கேட்கவில்லை, அது பாட்டுக்கு எல்லோருடைய கணக்கிலும் போய் உட்கார்ந்துகொண்டது. தானாகப் பதிவிறக்கம் ஆகும்படி வைத்திருந்தவர்களின் தொலைபேசிக்குள்ளேயே நுழைந்தும்விட்டது. பலருக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. ஒரு வாரத்துக்குள் ஆல்பத்தை நீக்குவதற்கென்றே ஆப்பிள் தனிப் பக்கம் ஒன்றைத் திறக்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் போனோ வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆல்பம் என்று ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை இதற்கு முதலிடம் கொடுத்தது. ‘பிட்ச்ஃபோர்க்’ இசை விமர்சனத் தளம் 10-க்கு 4.6 மதிப்பெண் போட்டுக் கிழித்தெறிந்தது. இரண்டையும் நம்ப வேண்டாம். ஒரு மகன் தன் தாயின் பெயரைச் சொல்லி அழுகிற பாட்டை, அவனை யாரென்றே அறியாத 50 கோடிப் பேரின் பைக்குள் திணித்ததுதான் நடந்த தவறு. பாட்டின் மேல் தவறில்லை. வழி தெரிந்து உள்ளே போகிறவர்களுக்கு ஆல்பம் வேறு முகம் காட்டுகிறது.

ஒரு தெரு, ஓர் ஆண்டு

கேட்பதற்கு முன் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியவை இரண்டே இரண்டு. தெருவின் பெயர் சீடர்வுட் ரோடு. ஆண்டு 1974.

டப்ளினின் வடக்கே, பாலிமன், ஃபிங்லஸ் பகுதிகளை ஒட்டி இருக்கும் குடியிருப்புத் தெரு சீடர்வுட் ரோடு. 1960-களில் அரசு அங்கே ஏழு உயர்ந்த கோபுரக் குடியிருப்புகளைக் கட்டியது. அவற்றின் நிழலில், சின்னச் சின்ன முன்தோட்டங்கள் கொண்ட வீடுகள். அவற்றில் ஒன்றில் பால் ஹியூசன் என்ற பையன் வளர்ந்தான். அப்பா பாப் கத்தோலிக்கர், தபால் துறை ஊழியர், ஆபரா இசைப் பிரியர். அம்மா ஐரிஸ் புராட்டஸ்டன்ட். அந்தக் காலத்து அயர்லாந்தில் அப்படியொரு திருமணம் சாதாரண விஷயமல்ல. அதே தெருவில் இருந்த குகி என்ற நண்பன்தான் பாலுக்கு ‘போனோ’ என்று பெயர் வைத்தான். நகர மையத்தில் நார்த் எர்ல் தெருவில் இருந்த காது கேட்கும் கருவி விற்கும் கடையின் பெயர்ப்பலகையிலிருந்து பிறந்த பெயர் அது. பிற்காலத்தில் குகி ஓவியராகப் பெயரெடுத்தார். இன்னொரு தெருவாசி காவின் ஃப்ரைடே பாடகரானார். ஒரே தெரு என்றாலும் சாமானியத் தெரு அல்ல.

1974 மே 17, வெள்ளிக்கிழமை. மாலை 5:30 மணி வாக்கில், வேலை விட்டு மக்கள் வீடு திரும்பும் நேரத்தில், டப்ளின் நகர மையத்தின் மூன்று தெருக்களில் கார்களில் வைத்த குண்டுகள் சில நிமிட இடைவெளியில் வெடித்தன. ஒன்றரை மணி நேரம் கழித்து எல்லையோர ஊரான மோனகனில் நான்காவது குண்டு. மொத்தம் 33 பேர் இறந்தார்கள். வட அயர்லாந்து பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்ற மோதல்கள் நடந்த அத்தனை ஆண்டுகளிலும் ஒரே நாளில் இவ்வளவு பேர் இறந்தது வேறெப்போதும் இல்லை. 1993-இல் அல்ஸ்டர் தொண்டர் படை என்ற, பிரிட்டன் பக்கம் நின்ற ஆயுதக் குழு பொறுப்பேற்றுக்கொண்டது. இன்றுவரை இதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. போனோ வழக்கமாக வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே பக்கத்தில் இருந்த இசைத்தட்டுக் கடையில்தான் நிற்பான். அன்று பஸ் வேலைநிறுத்தம். சைக்கிளில் பள்ளிக்குப் போனவன் சைக்கிளிலேயே வீடு திரும்பிவிட்டான்.

நான்கு மாதம் கழித்து, அதே ஆண்டு செப்டம்பரில், ஐரிஸின் தந்தை காலமானார். அவரை அடக்கம் செய்யும்போது ஐரிஸ் மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. சில நாட்களில் இறந்துபோனார். போனோவுக்கு வயது 14. அதன் பிறகு அந்த வீட்டில் அப்பா, அண்ணன், தம்பி மூவரும் அவரைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை என்று போனோ பலமுறை சொல்லியிருக்கிறார்.

முதல் அமர்வு: ஐரிஸ், சீடர்வுட் ரோடு, ரெய்ஸ்டு பை உல்வ்ஸ்

இப்போது ஐந்தாவது பாடலான ‘ஐரிஸ்’ஸை ஓட விடுங்கள். முதல் நான்கு பாடல்களை வேண்டுமென்றே தள்ளிவைக்கிறோம். வானொலியில் ஓட வேண்டும் என்ற கவலையோடு மெருகேற்றிய பாடல்கள் அவை. உண்மையான ஆல்பம் தொடங்குவது இங்கேதான்.

தொடக்கத்தில் எட்ஜின் கிதாரை மட்டும் கவனியுங்கள். ஒரு சிறு சுரக்கோவையை வாசிக்கிறார். எதிரொலிக் கருவி அதைத் திருப்பித் திருப்பித் தருகிறது. வாசித்ததும் திரும்பி வந்ததும் பின்னிக்கொண்டு ஒரே மின்னலாக ஓடுகின்றன. 1980 முதல் யூ2வின் அடையாளமே இந்த ஒலிதான். வேறு எத்தனையோ பாடல்களில் அதைக் கம்பீரத்துக்காகப் பயன்படுத்தியவர்கள், இங்கே நாற்பது ஆண்டுகள் தள்ளிப்போன ஒருத்தியைக் கூப்பிடுவதற்குப் பயன்படுத்துகிறார்கள். போனோ இதற்கு முன்பும் அம்மாவைப் பற்றிப் பாடியதுண்டு. 1981-இல் ‘டுமாரோ’, 1993-இல் ‘லெமன்’, 1997-இல் ‘மோஃபோ’. எதிலும் அவர் பெயரைச் சொன்னதில்லை. இங்கேதான் பெயரே தலைப்பாகிவிட்டது.

அடுத்து எட்டாவது பாடல், ‘சீடர்வுட் ரோடு’. குகிக்குக் காணிக்கையாக்கப்பட்டது. ஹெட்போனில் ஒலியைச் சற்றே கூட்டிக்கொள்ளலாம். எட்ஜ் இவ்வளவு கனமாக, அழுக்காக கிதாரை வாசிப்பது அபூர்வம். பாலிமன் கோபுரங்களைச் சுற்றித் திரிந்த முரட்டுக் கும்பல்களின் பயம் அந்த ஒலியில் இருக்கிறது. வரிகளில் ஒரு செர்ரி மரம் பூத்துக்கொண்டு வருகிறது. அடிதடியும் பூமரமும் ஒரே தெருவில் இருந்தன என்பதுதான் பாட்டின் முழுச் செய்தியும்.

பிறகு ஒரு பாடல் பின்னே வந்து ஏழாவதுக்கு, ‘ரெய்ஸ்டு பை உல்வ்ஸ்’. மே 17 வெடிப்புகளைப் பற்றிய பாட்டு. மூச்சிரைப்பைப் போன்ற ஓர் ஒலியோடு தொடங்கும். போனோ இங்கே தன் கண்ணால் பார்த்ததைப் பாடவில்லை. அவர்தான் அங்கே இல்லையே. குகியின் தம்பி, 11 வயதுப் பையன், தந்தையோடு வண்டியில் டால்பட் தெருவுக்குப் போயிருந்தான். குண்டு வெடித்தபோது அவர்கள் அங்கே இருந்தார்கள். அந்தச் சிறுவன் கண்டதுதான் பாட்டு. அவன் வாழ்க்கை முழுவதையும் அந்த மாலை குலைத்துப்போட்டது. பின்னாளில் ஹெராயின் பழக்கத்துக்கும் ஆளானான்.

இரண்டாவது முறை கேட்கும்போது, நடுவில் ஒரு காரின் பதிவெண் வருவதைக் கவனியுங்கள்: 1385 டபிள்யூ இசட். டால்பட் தெருவில் வெடித்த ஃபோர்டு எஸ்கார்ட் காரின் உண்மையான எண் அது. காவல் துறைக் கோப்பில் கிடக்க வேண்டிய ஓர் எண்ணை எந்த அலங்காரமும் இல்லாமல் பாட்டுக்குள் வைத்துவிட்டார்கள். உவமைகளை வாரி இறைக்கிற பழக்கம் உள்ளவர் போனோ. அவர் வாயை அடக்கிக்கொண்டு ஓர் எண்ணை மட்டும் சொல்கிற இந்த இடம்தான், என்னைக் கேட்டால், ஆல்பத்தின் உச்சம்.

அன்றைக்கு இந்த மூன்று போதும். நான்காவதாக எதையும் போடாதீர்கள்.

இரண்டாம் அமர்வு: 1980-க்கு ஒரு நடை

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். தாண்டினால் பாதி ஆல்பம் புரியாது.

யூ2வின் முதல் ஆல்பம் ‘பாய்’ 1980 அக்டோபரில் வெளிவந்தது. டப்ளினின் விண்ட்மில் லேன் ஸ்டூடியோவில் ஸ்டீவ் லில்லிவைட் தயாரிப்பில் பதிவானது. அப்போது நால்வருக்கும் இருபது வயது முன்னேபின்னே. 2014 ஆல்பம் எந்த நாட்களைத் திரும்பிப் பார்க்கிறதோ, அந்த நாட்களுக்குள்ளேயே இருந்துகொண்டு பாடிய ஆல்பம் அது. முழுவதும் கேட்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் இரண்டு பாடல்கள்.

முதலாவது ‘ஐ வில் ஃபாலோ’. இதுவும் அம்மாவை இழந்த மகனின் பாட்டுதான். ஆனால் இருபது வயதில் துக்கம் வேறு விதமாக ஓடுகிறது. நின்று நினைத்துப் பார்க்க அதற்கு நேரமில்லை. பாட்டின் நடுவே ஒலி சற்றுத் தணியும் இடத்தில் கண்ணாடி உடைவது போன்றும், ஏதோ உலோகம் கிணுகிணுப்பது போன்றும் ஒலிகள் வரும். சைக்கிள் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுழலவிட்டு, கம்பிகளின் மேல் சமையலறைக் கத்தியை உரசியும், பாட்டில்களை உடைத்தும் பதிவு செய்தார்கள். பணம் குறைவு, துணிச்சல் அதிகம். கேட்டு முடித்த கையோடு ‘ஐரிஸ்’ஸை மறுபடி போடுங்கள். அதே அம்மா, அதே கிதார், இடையில் 34 ஆண்டுகள்.

இரண்டாவது ‘அவுட் ஆஃப் கன்ட்ரோல்’. 1978 மே 10 அன்று, தன் பதினெட்டாவது பிறந்தநாளில், போனோ எழுதியது.

அட்டைப்படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘பாய்’ அட்டையில் இருக்கும் சிறுவனும் குகியின் தம்பிதான். டால்பட் தெருவில் இருந்தவன் அல்ல, வேறொருவன். (அமெரிக்காவில் வெளியான பதிப்பில் அந்தப் படத்தை மாற்றிவிட்டார்கள். அசல் ஐரோப்பிய அட்டையைத் தேடுங்கள்.) ஆக, ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன் முதல் ஆல்பத்தின் முகம், இன்னொருவன் 34 ஆண்டுகள் கழித்து வந்த ஆல்பத்தில் ஒரு பாட்டு. 2014 ஆல்பத்தின் குறுந்தட்டு அட்டையில் லாரி மல்லன் சட்டையில்லாமல் தன் மகனை இடுப்போடு கட்டிக்கொண்டிருக்கிறார். கிளென் லச்ஃபோர்டு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். லாரியும் இளவயதில் தாயைப் பறிகொடுத்தவர். அவருடைய அம்மா சாலை விபத்தில் இறந்தார். அவருக்கும் போனோவுக்கும் உள்ள பிணைப்பில் இந்தத் துயரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அந்த அட்டைப்படம் விளம்பரத்துக்காக எடுத்ததாகத் தோன்றாது.

மூன்றாம் அமர்வு: இரண்டு கச்சேரிகளும் ஓர் அறிவிப்புப் பலகையும்

1976 இலையுதிர்காலத்தில், மவுண்ட் டெம்பிள் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் 14 வயது லாரி ஒரு தாளை ஒட்டினான்: குழு அமைக்க ஆள் தேவை. வந்தவர்களை வைத்துக்கொண்டு தன் வீட்டுச் சமையலறையில் முதல் ஒத்திகை நடத்தினான். பெயர் முதலில் ‘ஃபீட்பேக்’, பிறகு ‘தி ஹைப்’, 1978 முதல் ‘யூ2’. அந்த நாட்களில் இவர்களுக்கு ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாமலும் மேடையேறலாம் என்று தைரியம் கொடுத்தது, ராக்கிலேயே எளிமையும் முரட்டுத்தனமும் கொண்ட வகையான பங்க் இசை. ஆல்பத்தில் இரண்டு பாடல்கள் அந்தக் கடனைத் தீர்க்கின்றன.

‘தி மிராக்கிள்’ என்று தொடங்கும் முதல் பாட்டு, நியூயார்க் நகரத்து ரமோன்ஸ் குழுவின் பாடகர் ஜோயி ரமோனுக்கு. 1978 செப்டம்பரில் அந்தக் குழு டப்ளினில் வாசித்தது. கரகரப்பும் முரட்டுத்தனமும் கலந்த குரல்தான் ராக் பாட்டுக்கு உரியது என்றிருந்த காலத்தில், தன் மென்மையான குரலை நினைத்துக் கூசியவர் போனோ. ஜோயி பாடியதைக் கேட்டபோது இப்படியும் பாடலாமா என்று கண் திறந்தது. அந்த வியப்பைப் பாட வந்த பாட்டுக்குத் தேவைக்கு மேல் பூச்சு பூசிவிட்டார்கள் என்பது என் வருத்தம். மூன்று சுரம், இரண்டு நிமிடம் என்று முடித்துவிடுகிற குழுவுக்கு எழுதிய நன்றிக் கடிதத்தில் இத்தனை அடுக்கு கிதார் எதற்கு? டீலக்ஸ் பதிப்பின் அகௌஸ்டிக் வடிவத்தில் பூச்சு உதிர்ந்துவிடுகிறது. டீலக்ஸ் வாங்கச் சொன்னதற்கு முதல் காரணம் இது.

பத்தாவது பாடலான ‘திஸ் இஸ் வேர் யூ கேன் ரீச் மீ நவ்’, லண்டன் நகரத்து கிளாஷ் குழுவின் ஜோ ஸ்ட்ரம்மருக்கு. 1977 அக்டோபரில் டப்ளினின் டிரினிடி கல்லூரியில் அவர்கள் நடத்திய கச்சேரிக்குப் போன பையன்கள் போனவர்களாகத் திரும்பி வரவில்லை. இந்தப் பாட்டில் கிளாஷ் பாணியிலேயே துள்ளும் தாளமும் சுண்டி இழுக்கும் பேஸ் கிதாரும் வருகின்றன. ‘தி மிராக்கிள்’ளை விட இது நேர்மையான வணக்கம் என்பேன்.

இரண்டுக்கும் நடுவே ஆறாவது பாடல் ‘வால்கேனோ’வைச் சேர்த்துக்கொள்ளுங்கள். துக்கத்தை வெளியே விட வழி தெரியாத பையனின் ஆத்திரம். கிளேட்டனின் பேஸ் கிதார்தான் தூக்கிச் செல்கிறது. அதைப் பின்தொடர்ந்தால் போதும்.

டீலக்ஸ் பதிப்புக்கு இரண்டாவது காரணம் ‘தி கிறிஸ்டல் பால்ரூம்’ என்ற கூடுதல் பாடல். யூ2 தன் ஆரம்ப நாட்களில் டப்ளினின் மெக்கோனகல்ஸ் என்ற கிளப்பில் வாசித்து வந்தது. பழைய காலத்தில் அதே இடம் கிறிஸ்டல் பால்ரூம் என்ற நடனக் கூடமாக இருந்தது. பாபும் ஐரிஸும் காதலித்த நாட்களில் அங்கே ஆடியிருக்கிறார்கள். பெற்றோர் ஆடிய தரையில் மகன் பாடுகிறான், கூட்டத்தில் அவர்கள் இருப்பதாக எண்ணிக்கொள்கிறான். இவ்வளவு நல்ல பாட்டை 11-க்குள் சேர்க்காமல் வெளியே நிறுத்தியது எந்தக் கணக்கில் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

எஞ்சியவை

‘எவ்ரி பிரேக்கிங் வேவ்’ இரண்டாவது பாடல். ஆல்பத்துக்கு நான்கு ஆண்டு முன்பே மேடையில் பாடியதுதான். ஸ்டூடியோ வடிவத்தைக் கேட்டுவிட்டு, பியானோ மட்டும் வைத்து எட்ஜும் போனோவும் பாடும் வடிவத்தைக் கேளுங்கள். அதற்குப் பிறகு ஸ்டூடியோ வடிவத்துக்குத் திரும்ப மனம் வராது.

‘சாங் ஃபார் சம்ஒன்’, மவுண்ட் டெம்பிள் பள்ளியில் சந்தித்து 1982-இல் மணந்துகொண்ட மனைவி ஆலிக்கு எழுதியது. இனிமையான பாட்டு, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ‘கலிஃபோர்னியா’, ஐரிஷ் மழையிலிருந்து முதன்முதலாக லாஸ் ஏஞ்சலிஸ் வெயிலில் போய் இறங்கிய பையன்களின் உற்சாகம். அடுக்கடுக்கான குரல்களோடு பீச் பாய்ஸ் குழுவை நினைவூட்டித் தொடங்குகிறது. காரில் போகும்போது கேட்கலாம்.

ஒன்பதாவது பாடல் ‘ஸ்லீப் லைக் எ பேபி டுநைட்’ வேறு ரகம். கேட்கத் தாலாட்டுப் போலவே இருக்கும். சிந்தசைசரின் மெல்லிய துடிப்பு, தழைந்த குரல். யாரைத் தூங்கச் சொல்கிறார்கள் என்பது மெல்ல மெல்லத்தான் விளங்கும்: சிறுவர்களைச் சீரழித்துவிட்டு நிம்மதியாக உறங்கும் ஒரு பாதிரியாரை. இந்தக் கொடுமைகளும் திருச்சபை அவற்றை மூடி மறைத்ததும் 2009-இல் வெளிவந்த இரண்டு அரசு விசாரணை அறிக்கைகளால் அயர்லாந்தில் அம்பலமாயின. பாட்டின் நடுவே எட்ஜின் கிதார் திடீரென்று ரம்பம் போலக் கிழித்துக்கொண்டு வரும் இடத்தில் ஹெட்போன் ஒலியைக் குறைக்கத் தோன்றும். குறைக்காதீர்கள்.

கடைசிப் பாட்டு ‘தி டிரபிள்ஸ்’. வட அயர்லாந்து மோதல்களுக்கு அங்கே வழங்கும் பெயர்தான் தலைப்பு, ஆனால் பாட்டு ஒருவருக்குள்ளேயே நடக்கும் போரைப் பற்றியது. ஸ்வீடன் பாடகி லிக்கி லி பல்லவியைப் பாடுகிறார். போனோவின் குரலையே கேட்டுக்கொண்டு வந்த காதுக்கு, இன்னொருவர் குரல் அவரை மடக்கிக் கேள்வி கேட்பது ஆறுதலாக இருக்கும்.

மேடையில் பார்ப்பது

ஆல்பத்தைத் தொடர்ந்து 2015 மே மாதம் வான்கூவரில் தொடங்கிய சுற்றுப்பயணம் டிசம்பரில் பாரிஸில் முடிந்தது. நவம்பரில் பாரிஸில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலால் தள்ளிப்போன நிகழ்ச்சிகளை டிசம்பரில் நடத்தினார்கள். அந்தப் பாரிஸ் நிகழ்ச்சி படமாகக் கிடைக்கிறது. இந்த ஆல்பத்துக்கு அதைவிட நல்ல உரை வேறில்லை.

முதல் பாதியைப் பார்த்தால் போதும். கூரையிலிருந்து ஒற்றை மின்விளக்கு தொங்குகிறது. போனோவின் சிறுவயதுப் படுக்கையறை விளக்கு அது. அரங்கின் நீளத்துக்கு நடைமேடை, அதற்கு மேலே அதே நீளத்தில் ஒரு திரை. திரையின் உள்ளே ஆள் நடக்கலாம். ‘ஐரிஸ்’ பாடும்போது பழைய வீட்டுப் படச்சுருள் ஒன்று அதில் ஓடுகிறது. இளம்பெண்ணாக, சிரித்துக்கொண்டே ஓடுகிறார் ஐரிஸ். அடுத்த பாட்டில், வரைந்த சீடர்வுட் ரோடு திரையில் விரிய, ஐம்பது வயது கடந்த போனோ அதற்குள் நடந்து போகிறார். பிறகு லாரி ஒரே ஒரு சிறிய டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு நடைமேடையில் இறங்கி வர, 1983-இல் வந்த ‘சண்டே பிளடி சண்டே’ எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் ஒலிக்கிறது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ‘ரெய்ஸ்டு பை உல்வ்ஸ்’. திரையில் 1974-இல் இறந்தவர்களின் முகங்கள்.

இப்போது வரிசையாக

இவ்வளவும் ஆன பிறகு முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, இடையில் நிறுத்தாமல், குழு வைத்த வரிசையிலேயே கேளுங்கள். மொத்தம் 48 நிமிடம். முதல் நான்கு பாடல்கள் இப்போது அவ்வளவு வழவழப்பாகத் தெரியாது. வெளிச்சமான முன்வாசலில் ஆளை வரவேற்று உட்கார வைத்துவிட்டு, ‘ஐரிஸ்’ஸில் உள்கதவைத் திறக்கிறார்கள் என்பது புரியும். அதற்குப் பின்னும் முதல் பாதி மனத்துக்கு ஒட்டவில்லை என்றால் கவலை வேண்டாம். எனக்கும் முழுதாக ஒட்டியதில்லை. 2009-க்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் எழுதி, அழித்து, டேஞ்சர் மவுஸ், பால் எப்வொர்த், ரையன் டெடர் என்று தயாரிப்பாளர்கள் கைமாறிக் கைமாறி வந்த ஆல்பம். பல கை பட்ட தடம் அதில் இருக்கத்தான் செய்யும்.

மேலே போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. போனோ 2022-இல் எழுதிய ‘சரண்டர்’ என்ற தன்வரலாற்று நூலில் 1974-உம் சீடர்வுட் ரோடும் விரிவாக வருகின்றன. ஐட்யூன்ஸ் விவகாரத்தில் பழி முழுவதையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்கிறார். இன்னொன்று, 2017 டிசம்பரில் வந்த இணை ஆல்பம் ‘சாங்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’. வில்லியம் பிளேக் என்ற ஆங்கிலக் கவிஞர் 18-ஆம் நூற்றாண்டில் இதே பெயர்களில் இரண்டு கவிதைத் தொகுப்புகள் எழுதினார். அந்த ஜோடியைத்தான் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதில் ‘அமெரிக்கன் சோல்’ பாட்டைக் கேட்கும்போது ‘வால்கேனோ’வின் ஒரு துண்டு திரும்ப வரும். கடைசிப் பாடலான ‘13’-இல் ‘சாங் ஃபார் சம்ஒன்’ அப்படியே எழுந்து வரும். இங்கே சாதாரணம் என்று நான் ஒரு வரியில் தள்ளிவிட்ட அந்தப் பாட்டு, அங்கே வயதான குரலில் கேட்கும்போது நன்றாகவே இருக்கிறது.